பாலர் பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம்: தமிழ்க் காதுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பள்ளி திறந்து மூன்றாம் நாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் பசியாறப் போய்விட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன், பாவாடை நனைந்திருந்தது. "ஏம்மா டீச்சர்கிட்ட சொல்லல?" என்றேன். "இங்கிலீஷ்ல எப்படிக் கேக்குறதுன்னு தெரியல டீச்சர்" என்றாள். ஆங்கில நேரத்தில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று அந்த வாரம் நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அன்றோடு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். பல வருடங்கள் ஆகிவிட்டன, இன்னும் அதைத் திரும்பப் போடவில்லை.

பினாங்கில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது புதிதல்ல. 1816ல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் ஓர் ஆங்கிலப் பள்ளி. மலாயாவில் தமிழ்க் கல்வி பிறந்ததும் அங்கே நடந்த தமிழ் வகுப்பில்தான். அதைக் கணக்கில் வைத்தே 2016ல் நாட்டில் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். ஆனாலும் இன்றைக்கும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், இங்கிலீஷ் நல்லா வரணும்னா வீட்டுல தமிழை நிறுத்திரலாமா?" என்பதுதான். வேண்டாம். பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருக்கும் தமிழ்தான் ஆங்கிலத்துக்கு ஏணி. அந்த ஏணியில் எப்படி ஏற்றுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கும், வீட்டில் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: பிள்ளையிடம் இருக்கும் மொழிகளைக் கணக்கெடுங்கள்

பாடத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு பெற்றோரிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிள்ளையைத் தூங்க வைப்பது யார், எந்த மொழியில்? கோபம் வந்தால் பிள்ளை எந்த மொழியில் கத்தும்? பகலில் யாரோடு விளையாடும்? பாட்டியோடு தமிழ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மலாய், கடைக்குப் போனால் காதில் ஹொக்கியன் சீனம், கைப்பேசியில் ஆங்கிலம் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு மொழிக்கு நடுவில் வளர்கிறார்கள். "ஒன்றுமே தெரியாது" என்று அம்மா சொல்லும் பிள்ளைக்குக்கூட மைலோ, பஸ், பென்சில், ஐஸ்கிரீம், லிஃப்ட் எல்லாம் தெரியும். அந்தப் பட்டியலை எழுதி வையுங்கள். முதல் வாரத்துச் சொற்கள் அதிலிருந்தே வரட்டும்.

வீட்டில் எந்த மொழி பேசுவது என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, கொஞ்ச வருமோ, "ஏன்" என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வருமோ, அந்த மொழியில் பேசுங்கள். பெரிசு சிறிசு, மேலே கீழே, நேற்று நாளை, இதனால் அது என்ற விளக்கங்கள் தமிழில் பிள்ளை மனதில் பதிந்திருந்தால், ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் மாற்றிச் சொன்னால் போதும். விளக்கமே இல்லாத இடத்தில் பெயரை எங்கே ஒட்டுவது? "கம், ஈட், ஸ்லீப், நோ" என்ற நாலு சொல்லோடு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்புக்கு வருகிறார்கள். தமிழும் முழுசாக இல்லை, ஆங்கிலமும் இல்லை. அந்தப் பிள்ளைகளோடுதான் எனக்கு அதிக வேலை.

படி 2: முதல் வாரம், மூன்று வாக்கியம்

"டாய்லெட் ப்ளீஸ்", "வாட்டர் ப்ளீஸ்", "ஹெல்ப் மீ, டீச்சர்". முதல் வாரத்தில் இந்த மூன்றும் வந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அடையாளம் வைத்து, படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வாய் வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டலாம். தமிழில் கேட்டாலும் உடனே அனுப்புங்கள். போகும்போது ஆங்கிலத்தில் நீங்கள் ஒரு தடவை சொல்லி அனுப்புங்கள்.

நேரம்: நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரே மூச்சில் பத்து நிமிடம், ஐந்து வயதுக்குப் பதினைந்து. அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை ஜன்னலைத்தான் பார்க்கும். ஒரு மணி நேரத்தை ஒரேயடியாக எடுப்பதைவிட நாலாகப் பிரித்து, கை கழுவும்போது, வரிசையில் நிற்கும்போது, பை எடுக்கும்போது என்று அந்தந்த வேலைக்கு அதே ஆங்கில வாக்கியத்தைத் தினமும் அதே இடத்தில் சொல்லுங்கள். வாக்கியத்தை மாற்றாதீர்கள். "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்" என்றால் வருடம் முழுக்க "வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்" தான்.

படி 3: காது, கை, கால். வாய் அப்புறம்

கைக்குழந்தை பேசுவதற்கு முன் ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் மொழிக்கும் அப்படி ஒரு மௌன காலம் உண்டு. சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். அந்த நேரத்தில் "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் பிள்ளை மொழியைவிட்டே ஒதுங்கும். அதற்குப் பதில் உடம்பைப் பேச வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இது. ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் செய்து காட்டுவார், பேச வேண்டியதில்லை.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் "ஸ்டாண்ட் அப்" என்று சொல்லி நீங்களே எழுந்து காட்டுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். அடுத்து எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். மூன்றாவதாக, நீங்கள் அசையாமல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார் என்று அப்போதுதான் தெரியும். பிறகு வரிசையைக் கலையுங்கள்: "டச் யுவர் நோஸ், ஜம்ப், சிட் டவுன், டச் யுவர் ஃப்ரெண்ட்ஸ் ஷூ". கடைசியில் ஒரு பிள்ளை டீச்சராக நின்று கட்டளை போடும், நீங்கள் செய்ய வேண்டும். என் வகுப்பில் முதன்முதலாக ஆங்கிலம் பேசிய பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாய் திறந்தார்கள். டீச்சரைக் குதிக்க வைக்கும் ஆசையை எந்தப் பிள்ளையால் அடக்க முடியும்?

ஒரு பையன் ஆறு மாதம் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசவில்லை. செய்யச் சொன்னதையெல்லாம் செய்தான், வாய் மட்டும் திறக்கவில்லை. ஒருநாள் அவன் பாட்டி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், வீட்டுல நாலு பொம்மையை வரிசையா உக்கார வச்சு, 'சிட் டவுன், நோ புஷிங், குட் கர்ள்'னு உங்க மாதிரியே கையை ஆட்டிப் பேசுறான். எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா சத்தம் உங்க சத்தம்தான்." அவன் ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறான்.

படி 4: சந்தைப் பையைத் திறங்கள்

படப் புத்தகத்தின் ஆப்பிளைவிட சௌராஸ்தா மார்க்கெட்டில் வாங்கிய ரம்புத்தான் நன்றாகப் பாடம் எடுக்கும். ஒரு துணிப் பையில் ஐந்து பொருளைப் போடுங்கள்: ரம்புத்தான், தேங்காய், மாங்காய், வெங்காயம், வாழைப்பழம். பிள்ளை கண்ணை மூடிக் கையை விடட்டும். "இஸ் இட் ஹார்ட்? இஸ் இட் ஹேரி?" என்று நீங்கள் கேளுங்கள். ரம்புத்தான் முள்ளைத் தொட்டதும் "ஹேரி!" என்று கத்துவார்கள். அந்தச் சொல்லை இனி மறக்க மாட்டார்கள்.

ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லலாம். ரம்புத்தான், டுரியான் இரண்டும் மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். மேங்கோ நம் மாங்காய், கறி நம் கறி, கேட்டமரான் நம் கட்டுமரம். "நாம கொடுத்த சொல்லுடா" என்றதும் ஒரு பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மேங்கோவுக்குக் கூலி கேட்டானாம்.

தனிச் சொல்லாகக் கொடுக்காமல் வாக்கியத்தோடு கொடுங்கள். "ஐ வான்ட் எ மேங்கோ, ப்ளீஸ்." "ஹவ் மச்?" "டூ ரிங்கிட்." ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்குபவர். விளையாட்டுப் பணத்தைக் காகிதத்தில் செய்யும்போது நிறப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்: ஒரு ரிங்கிட் நீலம், ஐந்து பச்சை, பத்து சிவப்பு, இருபது ஆரஞ்சு. "கிவ் மீ த ரெட் ஒன்" என்றால் பத்து ரிங்கிட் கைக்கு வரும்.

படி 5: ஒலிகள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். தமிழ் பேசும் பிள்ளை எங்கே தடுக்கும் என்பது ஆங்கிலப் பாடநூல்களில் இருக்காது. நமக்குத்தான் தெரியும்.

தமிழில் ப என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு ஒலி. பழத்தில் ஒன்று, கம்பத்தில் ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் அதிராத ஒலி, மூக்கொலிக்குப் பின் அதிரும் ஒலி. தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளை பந்துக்கான ஆங்கிலச் சொல்லின் (ball) முதல் ஒலியையும் பழப் ப போலவே சொல்லும். அங்கே வேண்டியது கம்பத்தின் அதிரும் ஒலி. அந்த ஒலி பிள்ளையிடம் இல்லாமல் இல்லை, சொல்லின் முதலில் அது வந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். "கம்பம்" என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து "கம்" என்பதை மனதுக்குள் சொல்லிவிட்டு மீதியை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள். வருகிற ஒலிதான் அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி. அதேபோல் "தங்கம்" சொல்லி ஆட்டின் கோட் (goat), "வண்டி" சொல்லி நாயின் டாக் (dog). பாஜு (baju), பாத்து (batu), கீகி (gigi) என்று மலாய் பழகிய பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

பென் என்பதன் முதல் ஒலிக்கு ஒரு துண்டு டிஷ்யூ போதும். வாய்க்கு முன்னால் பிடித்துச் சொன்னால் காகிதம் துள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் காற்று வெளியே அடிக்கும், நம் பழத்தில் அடிக்காது. பிள்ளைகள் இதை விளையாட்டாகவே நாள் முழுக்கச் செய்வார்கள்.

ஃபேன், பேன் ஆகிவிடும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்து ஊதச் சொல்லுங்கள். அதையே தொண்டையில் அதிர்வோடு செய்தால் வேன். உதட்டைக் குவித்தால் வாட்டர். ஜூ (zoo), சூ ஆகும். தொண்டையில் விரலை வைத்துத் தேனீ போல ரீங்காரம் செய்யச் சொன்னால் சரியாகும்.

சொல்லின் கடைசியில் உ ஒட்டுவது நம் பழக்கம்: கப்பு, புக்கு, பஸ்ஸு. இதற்குக் கைதட்டல்தான் மருந்து. கப் என்றால் ஒரு தட்டு, கப்பு என்றால் இரண்டு தட்டு. "எத்தனை தட்டு கேட்டுச்சு?" என்று கேளுங்கள். காது பிரித்துவிட்டால் நாக்கு தானே பின்னால் வரும். எ, ஒ என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் ய, வ ஒட்டுவதும் அப்படித்தான். எலியை யெலி என்று சொல்லும் வாய் எக் என்பதை யெக் என்றும், ஒரேஞ்ச் என்பதை வொரேஞ்ச் என்றும் சொல்லும்.

தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடமும் உண்டு. பல் வேறு, பால் வேறு, கல் வேறு, கால் வேறு என்று குறில் நெடில் தெரிந்த பிள்ளைக்கு ஷிப், ஷீப் இரண்டையும் பிரித்துக் கேட்பது சிரமமில்லை. ஒலியின் தன்மையிலும் சிறு வேறுபாடு உண்டு, ஆனால் குறில் நெடில் தெரிந்தாலே பாதி வழி கடந்தாயிற்று.

எல்லாவற்றையும் திருத்த உட்காராதீர்கள். சொல்லின் பொருளை மாற்றும் பிழையைப் பாருங்கள். மற்றதெல்லாம் நம் ஊர் உச்சரிப்பு. பினாங்கில் பிறந்த பிள்ளை பினாங்குக்காரர் மாதிரிப் பேசட்டும்.

படி 6: எழுத்துக்கு வரும்போது புள்ளியை நினைவில் வையுங்கள்

எழுத்தின் பெயரை முதலில் சொல்லிக்கொடுத்தால், பின் (pin) என்ற சொல்லைப் பிள்ளை "பீ, ஐ, என்" என்றுதான் வாசிக்கும். அதனால் பெயரைத் தள்ளி வைத்து ஒலியைக் கொடுங்கள். ஆங்கில எழுத்துகள் 26, ஒலிகளோ சுமார் 44. எல்லாவற்றையும் பாலர் பள்ளியில் முடிக்கப் போவதில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்தோடு தொடங்குவது பல பாட முறைகளில் உள்ள வழக்கம். இந்த ஆறைக் கொண்டே சிட், பின், டின், டேப், சிப், நேப் என்று நிறையச் சொற்கள் கட்டலாம்.

ஆங்கில ஆசிரியர்கள் பலர் இங்கே திணறுவார்கள். பி எழுத்தின் ஒலியைச் சொல்லும்போது கூடவே ஒரு அ ஒட்டிக்கொள்ளும், "ப" ஆகிவிடும். பிறகு "ப இ ன" என்று சேர்த்தால் பின் வருமா? நமக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. நம்மிடம் புள்ளி இருக்கிறது. "இது ப இல்ல கண்ணு, ப்" என்றால் தமிழ்ப் பிள்ளைக்குப் புரியும். ப், இ சேர்ந்து பி என்பதைத் தமிழ் வகுப்பில் ஏற்கெனவே பாட்டாகப் பாடியிருக்கும். ப், இ, ன் என்று மூன்று அட்டையைத் தனித்தனியாக வைத்து, ஒலியைச் சொல்லிக்கொண்டே நெருக்கிக்கொண்டு வாருங்கள். அட்டைகள் ஒட்டும்போது சொல்லும் ஒட்டும். மெய்யும் உயிரும் தெரிந்த பிள்ளைகள் இதைப் பிடிக்கும் வேகத்தை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு எழுத்துப் போதும்.

மலாயோடு மோதும் இடம் ஒன்று உண்டு. சி எழுத்து மலாயில் ச். பூனையின் ஆங்கிலச் சொல்லை ஒரு பிள்ளை "சாட்" என்று வாசித்தான். மலாயில் அதே மூன்று எழுத்துக்குச் சாயம் என்று பொருள், அங்கே அப்படித்தான் வாசிக்க வேண்டும். அவன் தப்பாக வாசிக்கவில்லை. "மலாய்ல ரொம்பச் சரி. இங்கிலீஷ்ல இந்த எழுத்து க்" என்றேன். மலாய்ச் சொல் அட்டைக்கு மஞ்சள் ஓரம், ஆங்கிலத்துக்கு நீலம், தமிழுக்குச் சிவப்பு என்று வைத்துக்கொண்டால் பிள்ளை ஓரத்தைப் பார்த்தே வாயை மாற்றிக்கொள்ளும். மலாய் ஆசிரியையிடம் பேசி, ஒரே எழுத்தை இருவரும் ஒரே வாரத்தில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம். மணல் தட்டிலும் பிசைந்த மாவிலும் விரல் ஓடட்டும்.

படி 7: ஒரு வாரத்துக்கு ஒரே கதை

புதுக் கதை தினமும் வேண்டியதில்லை. ஒரே கதையை ஐந்து நாள் சொல்லுங்கள். எனக்கு மிகவும் கைகொடுப்பது ஆற்றைக் கடக்க முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணிக்கொண்டே தாண்டும் சாங் காஞ்சில் என்ற சருகுமானின் கதை. மலாய் வகுப்பில் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், எண்களும் அதிலேயே இருக்கின்றன.

திங்கட்கிழமை படத்தைக் காட்டித் தமிழில் முழுக் கதையையும் சொல்லுங்கள். செவ்வாய் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. புதன்கிழமை ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள், பிள்ளைகள் நிரப்புவார்கள். வியாழன் நாற்காலிகளை முதலைகளாக வைத்து நடிப்பு: "ஒன், டூ, த்ரீ, ஜம்ப்!" வெள்ளிக்கிழமை புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். படத்தைப் பார்த்து அது சொந்தமாகச் சொல்லும். பாதி தமிழ் கலந்திருக்கும், இருக்கட்டும்.

படி 8: திருத்துவது எப்படி

"டீச்சர், ஹீ டேக் மை பென்சில்" என்று பிள்ளை அழுதுகொண்டு வருகிறது. "டேக் இல்ல, டுக்" என்று தொடங்கினால் பென்சிலும் போச்சு, பேச்சும் போச்சு. "ஓ! ஹீ டுக் யுவர் பென்சில்? லெட்ஸ் கோ அண்ட் ஆஸ்க் ஹிம்" என்று சொல்லுங்கள். சரியான வடிவம் காதில் விழுந்துவிட்டது, பிள்ளையின் குறையும் தீர்ந்தது. "ஐ வான்ட் தண்ணி" என்றால் முகம் மலர்ந்து "யூ வான்ட் வாட்டர்? ஹியர்!" என்று கொடுங்கள். வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்கி, தெரியாத இடத்தில் தமிழை வைத்து முடித்திருக்கிறது. அது நல்ல முன்னேற்றம்.

படி 9: வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது

வெள்ளிக்கிழமை அந்த வாரக் கதையை என் குரலில் பதிந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன், இரண்டு நிமிடம்தான். பாட்டியும் சேர்ந்து கேட்கலாம். பிறகு பிள்ளையைத் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்கிறது என்றால் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பேசிக் காணொளியைப் பற்றிக் கேட்பார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. என் கவலை நேரத்தைப் பற்றி மட்டும் இல்லை. திரை கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி, "வேர் இஸ் த டாக்?" என்று நீங்கள் கேட்டால் அதே காணொளி பாடமாகும்.

படி 10: குறிப்பேடு, தேர்வு வேண்டாம்

பாலர் பள்ளி முடிவில், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் தொடக்க நிலையான ஏ1ஐ நோக்கிப் போக வேண்டும் என்பது மலேசியாவின் 2015–2025 ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டத்தின் இலக்காக இருந்தது. தன் பெயரைச் சொல்வது, மெதுவாகக் கேட்டால் எளிய கேள்விக்குப் பதில் தருவது, தனக்கு வேண்டியதைக் கேட்பது, அவ்வளவுதான் அதன் பொருள். தாள் வைத்துத் தேர்வு நடத்தத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு ஒரு வரி: "இந்த வாரம் கேட்காமலே 'மை டர்ன்' என்றாள்." இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் தினமும் ஐந்து பேரைக் கவனித்தால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் முடிந்துவிடுவார்கள். உதவியாளர் இருந்தால் அவரிடமும் ஒரு குறிப்பேடு கொடுங்கள், நமக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கும்.

அந்தக் குறிப்பேட்டில் ஒரு பிள்ளையின் பக்கம் மாதக்கணக்கில் காலியாக இருந்தால் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டியது, "வீட்டில் தமிழில் பேசுகிறானா?" என்பதுதான். தமிழில் சரளமாகப் பேசினால் பொறுங்கள், மௌன காலம் அது. தமிழிலும் சொற்கள் குறைவு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பக்கத்து அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதுவரை அந்தப் பிள்ளையை முன் வரிசையில், உங்கள் வாய் தெரிகிற மாதிரி, மின்விசிறிச் சத்தத்துக்குத் தள்ளி உட்கார வையுங்கள்.